ஊட்டாவை எவன்யா தின்னுட்டான்?

ஜீவனஹள்ளி முனிகிருஷ்ணனைக் கேட்டால் தான் ஒரு மில் தொழிலாளி என்று மட்டும்தான் சொல்வான். மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றபடியே பாட்டுக் கட்டுவான், கட்டினதைக் கல்யாண வீடுகளில் அவனே பாடுவான் என்பதையெல்லாம் மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கல்யாணத்தில் கேட்டுவிட்டுத்தான் ஒரு சின்ன கம்பெனிக்காரர் 1950-ல் அவனை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் ஒரு கிராமபோன் பிளேட் பதிவு செய்தார். பெண்டாட்டி யசோதாவை நினைத்துக் கட்டிய பாட்டு. 'உண்டீரா என்று கேட்டு உயிர் தளிர்க்க வைப்பவளே' என்று அதில் ஓர் அடி.

மைக்கைப் பார்த்ததும் மனுஷனுக்கு உதறல் எடுத்துவிட்டது. யசோதா முகத்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினான். வாயில் வந்ததோ அவள் தினமும் கேட்கிற கேள்வி! 'ஊட்டா ஆச்சா என்று கேட்டு...' சாப்பாட்டைச் சொல்லும் 'ஊட்டா' கன்னடம், மீதி தமிழ். கன்னடம் புழங்கும் அடுகோடியில் பிறந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? இன்னொரு தடவை ஒழுங்காகப் பாட வைத்தார்கள். ஆனால் என்ன குளறுபடியோ, கடைக்கு வந்தது முதல் தடவை பாடினதுதான்.

மெட்ராஸில் சிரித்தார்களாம். பிளேட் விற்கவில்லை. இங்கேயோ, யசோதா குழாயடிக்குப் போனால் போதும், "என்ன ஊட்டாக்கா, ஆச்சா?" என்று பிடித்துக்கொள்வார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஐயோ, நம்மால்தானே இவளுக்கு இந்தத் தலைகுனிவு என்று பதினொரு வருஷம் உள்ளுக்குள்ளேயே புழுங்கினான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? அதுதான் கிடையாது!

அறுபத்தொன்றில், இங்கத்துக் கடைகளில் இன்னமும் கேட்கிறார்கள் என்று, அந்த பிளேட்டை மறுபடி வெளியிடப் போவதாகக் கம்பெனி கடிதம் போட்டது. இரண்டாவதாகப் பாடினதையே போடுங்கள் என்று இவன் கெஞ்சி எழுதினான். சரி என்றார்கள். முதலில் சில கடைகளுக்கு மட்டும் அனுப்புவோம், கேட்டவர்கள் அபிப்பிராயம் பார்த்துத்தான் மற்றது என்றார்கள்.

பிரேசர் டவுனில் பெர்னார்டின் கிராமபோன் கடைக்கு ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெர்னார்ட் பிளேட்டைச் சுழலவிட்டு, அபிப்பிராயம் எழுத ஒரு நோட்டையும் மேஜைமேல் வைத்தார். பாடினவன் யாருக்கும் தெரியாமல் மூலையில் உட்கார்ந்திருந்தான்.

ஆபீஸ் விட்டு வந்த சுந்தரேசன், "உச்சரிப்பு பிரமாதம்! ஆனா என்னமோ, பழைய பாட்டைக் கேட்ட மாதிரியே இல்லை" என்றார்.

நர்ஸ் யூனிஸுக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்த ஊட்டா எங்கே பெர்னார்ட்? அதைக் கேக்கத்தானே டூட்டி முடிஞ்ச கையோட ஓடி வந்தேன்!"

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்த ஜட்காக்காரர், "கொரலு சோக்காகீது. ஊட்டாவை எவன்யா தின்னுட்டான்?" என்றார். கடையே சிரித்தது.

முனிகிருஷ்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. இவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், யசோதாவுக்குப் பிடித்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மறுநாள் அவளையே அழைத்து வந்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது. யாரு இந்தம்மா?"

"எந்தம்மா?"

"உண்டீரான்னு கேக்குறாங்களே, அவுங்க."

"குழாயடியில நீ தலை குனிஞ்சியேன்னுதான் யசோதா, மாத்தச் சொன்னேன்..."

"சிரிப்பை அடக்கத்தானே குனிஞ்சேன்! என் புருஷன் என்னை வெச்சுப் பாடியிருக்காருன்னு தெருவுக்கே தெரியுமே, அந்தப் பெருமை எனக்கு எவ்ளோ இருந்துச்சு தெரியுமா? அதைப் போயி எடுத்துட்டீங்களே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

இவன் பின்னாலேயே ஓடப் பார்த்தான். பெர்னார்ட்தான் கையைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்து ஹோட்டலிலிருந்து மசால் தோசை வரவழைத்தார். இரண்டைத் தின்று முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு முனிகிருஷ்ணன் நோட்டை இழுத்தான். 'பழையதையே போடவும். இதில் பாட்டு இருக்கிறது, என் பெண்டாட்டி இல்லை. இப்படிக்கு, பாடினவன்.'

வீட்டுக்கு வந்தபோது யசோதா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதினதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தான். அவள் திரும்பாமலே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊட்டா ஆச்சா?"

"இன்னும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.