கயிற்றில் கை வைத்தவன்

பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் குப்பத்துக்காரர்கள் கரைவலை இழுக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த நானும் ஆசைக்குக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன். வலை கரையேறியதும், மீனைப் பங்கு பிரிக்கும் அம்மா என் காலடியிலும் இரு கை நெத்திலியைக் குவிக்கிறார்.

“எனக்கு எதுக்கும்மா? நான் வெளியாள்.”

“கயித்துல கை வெச்சல்ல? புடி நைனா. நீ வோணாம்னு போனா, நாளைக்கு வலைக்காரன் எங்க ஆளுங்களையும் சும்மா இஸ்துட்டுப் போங்கடான்னுவான்.”

பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு மயிலாப்பூர் பஸ் ஏறுகிறேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. பொட்டலம் ஒழுகத் தொடங்குகிறது. அடையாறு தாண்டுவதற்குள் என்னைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் படுக்கும் அளவு இடம்.