என் கடிதத்தை நானே அச்செடுத்த நாள்

பூந்தமல்லிக்குப் பக்கத்தில், சென்னீர்குப்பம் தாண்டி இருந்த ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் ஆறு வருஷமாகத் தற்காலிக உதவியாளராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. நூலகத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு மோடம். காலையில் டயல் செய்தால் கொஞ்ச நேரம் கத்திவிட்டு இணைப்புக் கிடைக்கும். பாதி நாள் கத்தலோடு சரி.

நாடு முழுவதும் உள்ள நூலகர்கள் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். இந்த இதழின் பழைய பிரதி யாரிடமாவது இருக்கிறதா, இந்தப் புத்தகத்துக்கு என்ன வகை எண் கொடுத்தீர்கள், எந்த ஊரில் வேலை காலி என்று ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். திருநின்றவூரில் ரயிலேறி, ஆவடியில் இறங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்கிற எனக்கு, முகம் தெரியாத அத்தனை பேரோடு பேசுவது பெரிய கௌரவமாக இருந்தது. தலைக்கனமும் வந்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் குழுவில் பதிவாகியிருந்த பெயர் எங்கள் நூலகருடையது. பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பத்து மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். தினமும் நான் கடிதங்களை அச்செடுத்து, துளையிட்டு, ஃபைலில் கோத்து அவர் மேஜையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் படித்துச் சிவப்புப் பேனாவால் டிக் போடுவார். பதில்களை நான் எழுதுவேன். கீழே அவர் பெயர் போகும்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து ஒரு அம்மையார், நான் அனுப்பிய ஒரு பதிலுக்கு நன்றி சொல்லிக் குழுவில் எழுதியிருந்தார். இந்த வயதில் கம்ப்யூட்டரில் இவ்வளவு கெட்டிக்காரரா என்று எங்கள் நூலகருக்கு ஏகப்பட்ட புகழ்ச்சி. எனக்கு வயிறு எரிந்தது. அந்த அம்மையாருக்கு மட்டும் என்று நினைத்துப் பதில் எழுதினேன். ‘அதை எழுதியது நான். அவருக்கு இந்தப் பெட்டியை ஆன் செய்யக்கூடத் தெரியாது. ஆறு வருஷமாக என் உழைப்பில் பேர் வாங்குகிறார். உங்கள் ஊரில் வேலை இருந்தால் சொல்லுங்கள்.’ கீழே முதல் தடவையாக என் பெயரைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை டயல் செய்தேன். வந்து இறங்கிய கடிதங்களில் முதலாவது என்னுடையது. குழுவில் வந்த கடிதத்துக்குப் பதில் போட்டால், எழுதியவருக்கு மட்டுமல்ல, குழுவுக்கே போகும். மற்றவர்களுக்கு அதைப் பத்துத் தடவை விளக்கி எழுதியவளே நான்தான்.

அந்த வாரம்தான் என்னைப் பணி நிரந்தரம் செய்வதற்கான ஃபைல் நூலகரின் கையெழுத்துக்காகப் போயிருந்தது. அம்பத்தூரில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. நூலகர் அந்த ஒரு கையெழுத்தை மறுத்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

என் கடிதத்தை மட்டும் அச்செடுக்காமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் மூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர் ஆறுதல், ஒருவர் கண்டிப்பு, ஒருவர் கிண்டல். மூன்றிலும் என் கடிதம் முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு நூலகரே வந்து நின்றார். “இன்னாம்மா, இன்னிக்கு லெட்டர் ஒண்ணும் வரலியா?”

“லைன் கிடைக்கல சார்.”

அன்று தப்பித்தேன். மறுநாள் இன்னும் ஐந்து பதில்கள். அவர் மறுபடி வந்தார். “இன்னிக்கும் வரலியா? டெலிபோன் ஆபீஸ்ல சொல்லி ஆளைக் கூப்ட்டுகினு வரட்டா?”

இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது. எல்லாவற்றையும் அச்செடுத்தேன். அந்த அச்சுப்பொறி ஒவ்வொரு வரியாக இழுத்து இழுத்து அடித்தபோது, என்னைப் பற்றி யாரோ சத்தம் போட்டுப் புகார் சொல்வதுபோல இருந்தது. வழக்கம்போலத் துளையிட்டு, கோத்து, மேஜையில் வைத்துவிட்டு அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை.

அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். என் கடிதம் அவர் முன்னால் தனியாக இருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“உன் ஃபைலை திங்கக்கெழமையே கையெழுத்து போட்டு மேல அனுப்சிட்டேன்” என்றார். நான் அந்தக் கடிதத்தை எழுதியது செவ்வாய்க்கிழமை.

பிறகு குரலைத் தாழ்த்தி, “இத எத்தினி பேர் படிச்சிருப்பாங்க?” என்றார். கேட்கும்போதே கடிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். எனக்கு வேலை போய்விடுமே என்ற பயம். அவருக்கு, முப்பது வருஷம் நூலகராக இருந்த தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்ற பயம்.

புத்தகப் பதிவேட்டில் ஒரு வரி தப்பாகிவிட்டால், சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவோம். அதோடு அந்த வரி செல்லாது. அவர் ஸ்கேலை வைத்து என் கடிதத்தை வரிவரியாக அடித்தார். ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, “இதுமாரி அங்கயும் அடிச்சிட முடியாதா?” என்று கேட்டார்.

முடியாது. போன கடிதம் போனதுதான்.

“முடியும் சார். இன்னிக்கே அழிச்சிடுறேன்” என்றேன்.

பெருமூச்சு விட்டு, தாளை என்னிடம் நீட்டினார். வேலை போகாது என்று தெரிந்தும் என் பயம் போகவில்லை. இப்போது அந்தப் பொய்க்காகப் பயந்தேன். இரண்டு மாதம் கழித்து நகரத்தில், அந்த மின்னஞ்சல் குழுவில் இருந்த நூலகர்கள் பலரும் வருகிற கருத்தரங்கு ஒன்று நடந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். போக வேண்டாம் சார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டு நாளும் டெலிபோன் மணி அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திரும்பி வந்தவர் யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று ஒன்றும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல ஃபைலைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. மெல்ல என் பக்கம் தள்ளினார்.

“இனிமே பிரிண்ட் எடுக்க வேணாம்மா. நீயே பாத்து பதில் போட்டுடு. கீழ உன் பேரையே போட்டுக்கோ.”

ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஒரு கடிதத்துக்கும் என்னால் பதில் எழுத முடியவில்லை.