மஞ்சள் தண்ணீர் தெளித்த மடிக்கணினி

காலை ஏழு ஐம்பதுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. கூரியர்காரர் வாசலில் ஹாரன் அடித்து, அட்டைப்பெட்டியைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றார். "எடுத்துக்கிடுங்கக்கா. கையெழுத்த நானே போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினார்.

பெட்டிக்குள் இருந்தது என் மகளின் முதல் வேலை. கல்லூரி முடித்து, வேலைக் கடிதமும் கையில் இருந்தும், பெருந்தொற்றால் அவள் சேரும் நாள் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. அன்று காலை பத்து மணிக்குள், நிறுவனம் அனுப்பும் மடிக்கணினி வழியாகவே கூட்டத்தில் நுழைந்து, கேமராவில் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த குழுவில் சேர்த்துக்கொள்வார்களாம். அடுத்த குழு எப்போது என்று கேட்டு அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. மூன்று நாள் முன்பே வந்திருக்க வேண்டிய பெட்டி, சரியாக அன்றைக்கு வந்து நின்றது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய தெரு எங்களுடையது. எதிர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்துபோன வாரம் அது. அதில் போனவர் திரும்பி வரவில்லை. வெளியிலிருந்து வரும் எதுவும் ஒரு நாள் வராந்தாவில் கிடக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். பால் பாக்கெட்டுக்குச் சோப்புக் குளியல். செய்தித்தாளுக்கு இஸ்திரி. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள்தான் நான். என் மாணவர்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

பெட்டியை ஒரு நாள் கிடத்த நேரமில்லை. சானிடைசர் பாட்டில் காலி. வாசல் தெளிக்க வாளியில் கரைத்து வைத்திருந்த மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் கண்ணில் பட்டது. தெளிக்கத்தான் நினைத்தேன். ஊற்றிவிட்டேன்.

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் கைவிட்டுத் தூக்க ஒரு ஓட்டை இருப்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். தூக்கியபோது அதன் வழியாக என் கால் மேல் மஞ்சளாக ஒழுகியது.

கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். பெட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"என்னட்டி, கோயில் கொடைக்குக் கெடா வெட்டப் போறியா? தண்ணி தெளிச்சியே, தலைய ஆட்டிச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

மகள் தலையில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்தாள். "யாரு செஞ்சது?" என்றாள். அவர் பிரஷ்ஷால் என்னைக் காட்டினார்.

உள்ளே கணினி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை மேல் மஞ்சள் முத்துகள். துடைத்து, திறந்து, பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினாள். திரை கறுப்பாகவே கிடந்தது. சார்ஜரை எடுக்கப் போனாள். அது இருந்த சின்ன அட்டைப்பெட்டி ஊறிப் போயிருந்ததால் நான் பறித்துக்கொண்டேன்.

"ஈரத்தோட பிளக்குல சொருகுனா ஷாக் அடிக்கும். தொடக் கூடாது."

"வேல போனாப் பரவாயில்லயாம்மா?"

"உயிரு இருந்தா வேற வேல."

"எங்கம்மா இருக்கு வேற வேல?"

வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெளியே சாரல். கணவர் அரிசி டிரம்மைத் திறந்தார்.

"ஃபோன் தண்ணில விழுந்தா அரிசில போடுதாங்கள்லா?"

"இது முங்க அரிசி பத்தாதுப்பா."

"ஒரு மூட எடுத்துட்டு வாரேன்."

"நீங்க ரெண்டு பேரும் எதையும் தொடாம இருந்தாப் போதும்."

கடைசியில் கணவர் கைபேசியில், கணினி ரிப்பேர் செய்கிற ஒருவரைப் பிடித்தார். என்னிடம் படித்தவர், குத்துக்கல்வலசையில் வீடு. ஊரடங்கில் கடை பூட்டியிருந்தது. காய்கறி வாங்க மட்டும் பத்து மணி வரை வெளியே வர அனுமதி.

ஒன்பது முப்பத்தைந்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. போலீஸ் பார்வைக்கு அவை. அடியில்தான் ஸ்குரூ டிரைவர்கள். வெளி ஆள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் முகக்கவசம் மாட்டிவிட்டேன். அவருக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது, அதன் மேல் இன்னொன்று கொடுத்தேன்.

அவர் கணினியைப் புரட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். "உள்ள ஒரு சொட்டு போகல டீச்சர். வேப்பில வாசந்தான் அடிக்கி. சார்ஜ் போட்டீங்களா?"

"ஈரம்லா? நாந்தான் போட விடல."

சார்ஜரைத் துடைத்து, ஊதி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொருகினார். திரை வெளுத்தது. மகள் சத்தமில்லாமல் குதித்தாள்.

"புதுசு சார்ஜ் போடாம எந்திரிக்காது டீச்சர். கரண்ட் இல்லாம பல்பு எரியாதுன்னு நீங்கதான நடத்துனீங்க" என்றார் அவர். கணவர் சிரிப்பை மறைக்க முருங்கைக்காயை எண்ணப் போனார்.

கடவுச்சொல், இன்னொரு கடவுச்சொல், கைபேசியிலிருந்து இணையம். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு உள்ளே போனாள். 'காத்திருக்கவும்' என்றது திரை. பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. நுழைந்தது கணக்கில் வந்ததா என்று தெரியவில்லை. கேமராவில் விழாமல் தரையில் உட்கார்ந்து மகளின் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் கூரியர் ஹாரன் கேட்டால் அந்த இருபது நிமிடம் அப்படியே எனக்குள் வந்துவிடுகிறது.

பத்து இருபதுக்கு நிறுவனத்துப் பெண் ஒருவர் திரையில் வந்தார். சேலை கசங்கியிருந்தது. யாரையோ கதவை மூடச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"மன்னிச்சுக்கோங்க, எங்க வீட்ல கரண்ட் போயிடுச்சு. எல்லாரும் டயத்துக்கு வந்துட்டீங்க, லிஸ்ட்ல இருக்கு. ஒவ்வொருத்தரா ஐடியக் காட்டுங்க."

முறை வந்ததும் மகள் அட்டையை நீட்டினாள். அவர் திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார்.

"முகம் தெரியலையேம்மா. மாஸ்க்கக் கழட்டு. நான் சென்னைல இருக்கேன், உனக்கு ஒட்டாது." மகள் கழற்றினாள். "ம், நீதான். நாளைக்கு ஒம்பதரைக்கு வேலை. வந்துரு."