காயாவை உட்கார்ந்து கண்டுபிடித்த கதை

செடியைக் காயவைத்து அட்டையில் ஒட்டுவதுதான் என் உத்தியோகம். தொண்ணூறுகளில் புனேயில், தாவரங்களைச் சேகரித்து வைக்கும் ஓர் அலுவலகத்தின் ஹெர்பேரியம் ஹாலிலேயே என் பொழுது கழிந்தது. ஃபீல்டுக்குப் போகிறவர்கள் செடியை ப்ரெஸ்ஸில் அழுத்திக் கொண்டுவருவார்கள். நான் மருந்து பூசி, ஷீட்டில் ஒட்டி, பீரோவில் அடுக்குவேன். ஒட்டி ஒட்டியே எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. சருகில் ஒரு துணுக்கைக் காட்டினால் போதும், லத்தீன் பெயரைச் சொல்லிவிடுவேன்.

ஆனால் அந்த மருந்து வாடை எனக்கு ஆகவில்லை. நாள் முழுக்கத் தும்மல். ஃபீல்டில் ஓர் இடம் காலி என்றதும் முதல் ஆளாக மனுப் போட்டேன். போட்டிக்கு ஸ்டெல்லா ஒருத்திதான். புனேயில் கேம்ப் என்கிற பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் ஷீட்டுகளுக்கு லேபிள் டைப் அடிப்பவள். அவளைப் போட்டி என்றே நான் மதிக்கவில்லை.

எங்கள் அதிகாரி சென்னியப்பன் சார் பொள்ளாச்சிக்காரர். இருவரையும் கூப்பிட்டார்.

"இன்டர்வியூ எல்லாம் எதுக்குங்க? ஞாயித்துக்கெழமை மலை ஏறுவோம். பூவைக் காட்டறேன், பேரைச் சொல்லுங்க. சொல்றவங்களுக்கு ஃபீல்டு."

"எந்தப் பூவா இருந்தாலும் காட்டுங்க சார்" என்றேன். வாய்க்கொழுப்பு.

கடக்வாஸ்லா தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஏப்ரல் வெயிலில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. பாதி ஏற்றத்தில், பாறை இடுக்கில் ஒரு புதர். கிளையே தெரியாமல் அப்பியிருந்தது பூ. அப்படியொரு நீலம்.

"சொல்லுங்க ரங்கநாதன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் பழகிய பூக்களெல்லாம் தட்டையானவை, காப்பிப்பொடி நிறம். இது புடைத்துக்கொண்டு நின்றது, வண்டு வேறு மொய்த்தது. புனே தெருவோரத்தில் நீலமாகப் பூக்கும் மரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஜக்கராண்டா வகை சார்."

"அது பங்களா மரமுங்க. இந்தப் பாறைல யாரு கொண்டாந்து நட்டாங்க?"

"அஞ்சனி சார்" என்றாள் ஸ்டெல்லா. "ஹர் சால், வருஷா வருஷம் சம்மர்ல சர்ச் யூத் க்ரூப்போட இங்க ட்ரெக் வருவோம். மராட்டில அஞ்சனிம்பாங்க."

அடுத்து வந்த சிவப்புப் பூவைச் செம்பருத்தி இனம் என்றேன். அதையும் அவளே திருத்தினாள். மூன்றாவது பூ வந்தபோது செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன்.

கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. அந்த நீலப் பூவில் ஒரு கொத்தை ஒடித்து, நியூஸ்பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டேன். உச்சியில் ஒரு குடிசைக் கடையில் பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் சாப்பிட உட்கார்ந்தோம். ப்ரெஸ் இல்லாததால் பேப்பரைப் பாறைமேல் போட்டு, அதன்மேல் நான் உட்கார்ந்தேன். கீழே கொதிக்கிற பாறை, மேலே என் எடை. சாப்பிட்டு மோர் குடித்து எழுந்து, பேப்பரைப் பிரித்தேன். இலை துவண்டு தட்டையாகியிருந்தது. பூவில் நீலம் போய்விட்டது.

"மெமிசிலான் அம்பெல்லேட்டம்!" என்று கத்தினேன். "தமிழ்ல காயா. தெக்குப் பக்கத்துச் சுவர், மூணாவது பீரோ!"

சென்னியப்பன் சார் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"உசிரோட இருக்கறப்ப அடையாளம் தெரியலீங்க, செத்தாத்தான் தெரியுதுங்க! ஸ்டெல்லா ஃபீல்டுக்குப் போகட்டும். பொணமெல்லாம் உங்ககிட்டயே வரட்டும்."

இனி ரிட்டையர் ஆகும்வரை தும்மல்தான். தலையைக் குனிந்துகொண்டே இறங்கினேன். அந்தப் புதர் வந்ததும் ஸ்டெல்லா நின்றாள்.

"ரங்கா, காயான்னா... எங்க பக்கத்து வீட்டு மாமி காலைல காயாம்பூ வண்ணான்னு பாடுவாங்களே, வோ காயாவா?"

எங்களுடையது நாமம் இட்டுக்கொள்ளும் குடும்பம். விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் காலையில் பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லித்தான் கும்பிடுகிறேன். அந்த வண்ணம் எது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆபீசிலோ இத்தனை வருஷமாகப் பெருமாளைப் பழுப்பாக்கிப் பீரோவில் அடுக்கியிருக்கிறேன்.

கை தானாகக் குவிந்தது. கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. "சலோ ரங்கா, பஸ் போயிடும்!" என்றாள் ஸ்டெல்லா.

"நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ல வரேன்."

கடைசிவரை எனக்கு ஃபீல்டு கிடைக்கவில்லை. ஹாலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கையால் கோந்தைத் தொடுமுன் அந்தச் செடி நிற்கிற இடத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பேர் தெரியாமல் முழிப்பீர்கள். முழியுங்கள், பரவாயில்லை.