ஊரில் நிற்கிறேன்

வாட்ஸ்அப் குழுவில் நாள் தவறாமல் யாராவது ஒருவர் சமநிலையான வாழ்க்கையைப் பற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார். அதிகாலையில் எழும்புங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள், உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரம் என்ன, அலுமாரியில் மடித்து வைத்த சேலையா, எடுத்து ஒதுக்கிவைக்க? நான் எதையும் வாசித்துத் திருந்தியவள் இல்லை. பயந்து திருந்தியவள்.

என் கணவர் மன்னார்ப் பக்கம், முசலியில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்துத் துரத்தப்பட்டு, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர். நான் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். புத்தளத்துக்குப் பக்கத்தில், கரைத்தீவில் குடியிருந்தோம். சண்டை முடிந்து பாதை திறந்ததும், காடு பிடித்துக் கிடந்த தன் வாப்பாவின் காணியை வெட்டித் துப்பரவாக்கி, அங்கேயும் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். அவர் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. எனக்குக் கிழமை நாட்களில் பள்ளிக்கூடம், சனிக்கிழமை சந்தியில் ஒரு தகர மண்டபத்தில் டியூஷன், மிச்ச நேரத்தில் கேக் ஓடர். ஒரே மகள், ஏழு வயது. வீட்டில் யார் நிற்கிறாரோ அவர் போய் அவளைக் கூட்டி வருவது எங்கள் வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை மகளைக் குர்ஆன் ஓத விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். இடையில் கணவர் போனில் கோல் எடுத்தார்.

"நான் இண்டைக்கு ஊர்லதான் நிக்கிறன்."

"அப்ப சரி. பிள்ளைகள் பாத்துக்கொண்டு இருக்குதுகள், வைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். மகளை அவர் கூட்டி வந்துவிடுவார் என்று பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. வகுப்பை முடித்து, கேக்கைப் புத்தளத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, மாவும் பட்டரும் வாங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில், அஸர் தொழுகை நேரமும் தாண்டி, பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தேன். கதவில் பூட்டு.

"எங்க போய்ட்டீங்க ரெண்டு பேரும்?" என்று போனில் கத்தினேன்.

"ரெண்டு பேரா? யாரு?"

"நீங்களும் மகளும்தான்."

"மகள் ஒங்களோடதானே?"

"வெளையாடாதீங்க. ஊர்ல நிக்கிறன் எண்டு நீங்கதானே சொன்னீங்க!"

"ஓம், ஊர்லதான் நிக்கிறன். முசலியில."

என்ட அல்லாஹ்! இத்தனை வருடம் இங்கே சோறு தின்று, இங்கே பெண் எடுத்து, பிள்ளையும் பெற்ற பிறகும் அவருக்கு ஊர் என்றால் முசலிதான். எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஒரு நொடி நினைத்துப் பார்க்க அன்றைக்கு எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஓதுகிற இடத்துக்கு ஓடினேன். ஓதிக்கொடுக்கிற ஹஸ்ரத்துக்கு முகம் மாறிவிட்டது. "பகல் லுஹர் தொழுகைக்கு முந்தியே விட்டாச்சே. ஒங்கட மகள் கனநேரம் வாசல் கேட்டடியில நிண்டா. பொறகு காணல்ல, நீங்க வந்து கூட்டிப் போனதாக்கும் எண்டு நெனச்சன்."

அங்கிருந்து கடலோரக் களப்பு தெரியும். கால் தானாக அந்தப் பக்கம் போனது. மழையில் தண்ணீர் எது, கரை எது என்று தெரியவில்லை. காலையில் நானே பின் குத்தி விட்ட வெள்ளைப் பர்தா அவள் தலையில். வெள்ளையாக எதைக் கண்டாலும் உயிர் போய் வந்தது. கிட்டப் போனால் ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பை. இன்னும் கொஞ்சம் போனால் ஒரு கொக்கு.

அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ சொல்லி, பிள்ளையைக் காணவில்லை என்று அறிவித்தார்கள். ஏழு வயது, வெள்ளைப் பர்தா, இன்னாருடைய மகள். அந்த ஒலிபெருக்கியில் தொழுகை இல்லாத நேரத்தில் நாங்கள் கேட்டுப் பழகியது யாராவது இறந்துபோன மௌத்துச் செய்தி மட்டும்தான். அதில் என் பிள்ளையைப் பற்றிச் சொல்லக் கேட்டதும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் திரும்பத் திரும்பக் கோல் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து என்ன சொல்ல? பயத்தில் போனைத் தொடவே இல்லை.

பக்கத்து வீட்டு ராத்தாதான் தேடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். "நீங்க படிப்பிக்கிற எடத்தப் பாத்தீங்களா?"

"அங்க ஏன் போறா ராத்தா? அங்க நான்தானே நிண்டன்!"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ராத்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

மண்டபத்தின் பின்பக்கம், பாய்களை அடுக்கி வைக்கிற சாய்ப்புக்குள், ஓதுகிற பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அழுது, தூங்கி, எழும்பிய முகம். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் வகுப்பு கலைந்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை, ஒலிபெருக்கியும் கேட்கவில்லை.

என்னைக் கண்டதும் எழும்பி, "கிளாஸ் முடிஞ்சுதா உம்மா?" என்றாள்.

பகலே வந்துவிட்டாளாம். ஜன்னலால் என்னைப் பார்த்தாளாம். கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏன் மகள் கூப்பிடல்ல? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!" என்று ஏசினேன், அழுதேன், திரும்பவும் ஏசினேன்.

"நீங்க அலுவலா இருந்தீங்க" என்றாள்.

சனிக்கிழமை வகுப்பை அத்தோடு விட்டேன். கேக்கும் பெருநாளைக்கு மட்டும்தான். கணவர் எங்கே நின்றாலும் இடத்தின் பெயரைச் சொல்லிப் பேசப் பழகிக்கொண்டார். இதற்குச் சமநிலை என்று பெயரா, எனக்குத் தெரியாது. மகள் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஆனாலும் என் அறைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று, "அலுவலா உம்மா?" என்று கேட்கிறாள். கையில் என்ன இருந்தாலும் கீழே போட்டுவிட்டு, "இல்ல மகள், வாங்க" என்கிறேன். அவள் அதை நம்பிச் சட்டென்று உள்ளே வருவதில்லை. என் கையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.