சிமெண்டைத் தேய்த்தவர்களும் தட்டிப் பார்த்தவர்களும்

சிமெண்டுத் தரையைச் சிமெண்டு மாதிரி தெரியாமல் செய்து கொடுப்பதுதான் என் தொழில். துபாயில் ஆறு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டுப் பெரம்பலூருக்குத் திரும்பியபோது, செல்போன்கூட இன்னும் எல்லார் கைக்கும் வரவில்லை. பூச்சு, பெயிண்ட், டைல்ஸ் என்று எதையாவது செய்துவிட்டு வீட்டுக்காரர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுக்கு இந்தத் தொழிலின் பாட்டைப் பற்றி மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

போகாத கறை

முதல் வேலை லப்பைக்குடிக்காட்டில். வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். அங்கே தன் முதலாளி வீட்டில் பார்த்த தரை மாதிரியே தன் ஹாலுக்கும் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஆசிட் கலந்த சாயத்தைத் தெளித்தால் அது சிமெண்டைத் தின்று, தேன் நிறத்தில் திட்டுத் திட்டாக இறங்கும். பார்க்கப் பளிங்கு போல இருக்கும். இதை அவர் மனைவிக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

சாயம் தெளித்த மறுநாள் போனால், இரண்டு பெண்கள் சோப்புத்தூளும் தேங்காய் நாருமாகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வேலையிலேயே பெயர் கெட்டால் அந்த ஊரில் அடுத்த வேலை கிடைக்காது. ஓடிப்போய் ஈரத்தைத் துடைத்துப் பார்த்தேன். சாயம் ஒரு பொட்டுகூட அசையவில்லை. உண்மையில் மேலே படிந்த ஆசிட் பொடி போகத் தரையைக் கழுவுவது அன்றைக்கு என் வேலை, அது மிச்சமானது. வீட்டுக்கார அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

"காலைலேர்ந்து தேய்க்கிறோம், போகல தம்பி. அப்ப இது அழுக்கு இல்ல, டிசைன்தான்."

தாய்மாமன் கோபம்

அரியலூரில் ஒரு வாத்தியார், வராந்தாவில் தேக்குப் பலகை பதித்த மாதிரி கேட்டார். ரப்பர் அச்சை ஈரச் சிமெண்டில் அழுத்தி, ரேகையும் கணுவும் எடுத்து, காப்பி நிறம் ஏற்றினேன். வாத்தியார் மனைவியின் தம்பி தச்சு வேலை செய்பவர். ஒருநாள் தெருவிலிருந்தே எட்டிப் பார்த்தவர், உள்ளே வராமல் போய்விட்டார். அதன்பிறகு தீபாவளிக்குக்கூட வரவில்லை. என்ன கோபம் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காள் அழாத நாள் இல்லையாம்.

வாத்தியார் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. என்னையும் அழைத்திருந்தார்கள். வராந்தாவில் கால் வைத்தவர் நின்றார். குனிந்து விரல் முட்டியால் தட்டினார். தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் தட்டினார். பிறகு அப்படியே உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மரவேலையைத் தனக்குத் தராமல் வெளியாளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவர் மனத்தாங்கல் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வாத்தியாரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"மாமா, இது சிமெண்டுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆறு மாசம் உங்ககூடப் பேசாம இருந்திருக்க மாட்டேனே."

திருமானூர் வாசல்

திருமானூரில் ஒரு விவசாயி வீட்டு வாசலில் கருங்கல் பாவிய மாதிரி அச்சுப் பதித்துக் கொடுத்தேன். அறுவடை முடிந்ததும் ஆள் அனுப்பினார். போனால், வாசலில் நெல் காய்கிறது. கல் இடுக்கு என்று நான் பார்த்துப் பார்த்து எடுத்த பள்ளமெல்லாம் நெல் புகுந்து, துடைப்பத்துக்கு வரமாட்டேன் என்கிறது. மனசில்லாமல்தான் பாதி வாசலுக்குக் கலவை போட்டு வழவழவென்று இழைத்துக் கொடுத்தேன். மீதியையும் இழைக்கட்டுமா என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டுங்க, கோழிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."

தண்ணீர் ஊற்றினால் ஏழு நாளில் சிமெண்டு இறுகிவிடும். அதைப் பார்த்து வீட்டுக்காரர் மனசு எத்தனை நாளில் இளகும் என்பதைத்தான் எந்த மூட்டையிலும் அச்சடிப்பதில்லை.