இருபத்துமூன்றாம் பக்கத்துப் புள்ளி

வாசிக்க நல்ல மர்ம நாவல் நாலு சொல்லுங்கள், பார்க்கப் பழைய திகில் படம் இரண்டு சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் அடிக்கடி என்னிடம் வருவார்கள். நான் சொன்னது எதுவும் சோடை போனதில்லை என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் எனக்குரியதல்ல என்பது போன வருடம்தான் தெரிந்தது.

எனக்குப் பதினொரு வயதானபோது கரம்பொனில் எங்கள் வீட்டுக்கு ஒரு புது மனிதர் வந்து சேர்ந்தார். அவர் என் அப்பா. பதுளையில் கடை வைத்திருந்து, வருடத்தில் இரண்டு முறை இனிப்புப் பெட்டியோடு வந்து போகிறவர், கடையை விற்றுவிட்டு ஒரேயடியாக ஊரோடு வந்துவிட்டார். வந்தவர் வெங்காயத் தோட்டம் செய்யத் தொடங்கினார். என்னோடு பேசினால், வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல 'நீர்' என்றுதான் பேசுவார். எனக்கோ அப்பா என்று கூப்பிட வாய் வரவே இல்லை. "அம்மா, அவர் வந்திட்டார்", "அம்மா, அவர் தேத்தண்ணி கேக்கிறார்" என்றே காலத்தை ஓட்டினேன். ஒவ்வொரு 'அவருக்கும்' அம்மாவின் முகம் சுருங்கும். அவருடைய முகம் சுருங்கியதா என்று நான் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு மர்ம நாவல் பைத்தியம். கிணற்றுக்குள் பிணம் கிடந்த ஒரு கதையை வாசித்துவிட்டு, ஒரு கிழமை முழுவதும் கிணற்றடிக்குக் குளிக்கப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன். "இனி உந்தப் புத்தகம் ஒண்டும் வீட்டுக்குள்ள வரப்படாது" என்று அம்மா சட்டம் போட்டார். தோட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், "வாசிக்கட்டும், விடும்" என்றார். சட்டம் தளர்ந்தது. நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

எங்கள் நூலகத்து மர்ம நாவல்களின் தலைப்புகளெல்லாம் ஒன்றுபோல இருக்கும். வாசித்ததையே திரும்ப எடுத்துப் போகாமலிருக்க, பழைய வாசகர்கள் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். ஒருவர் கடைசிப் பக்கத்தில் சின்னச் சிலுவைக்குறி போடுவார், இன்னொருவர் அட்டையின் உட்புறத்தில் தன் முதலெழுத்தை எழுதுவார். அந்த வருடம் புதிதாக ஒன்று தோன்றியது. இருபத்துமூன்றாம் பக்கத்தில், எண்ணுக்குக் கீழே ஒரு பென்சில் புள்ளி.

நூலகத்து அக்காவிடம் காட்டினேன். "ஆரோ நல்ல வாசகர் போல கிடக்கு. புள்ளி உள்ளதாப் பாத்து எடும்" என்றார்.

எடுத்தேன். ஒன்றையும் பாதியில் வைக்க முடியவில்லை. பயம் இருந்தது, ஆனால் கிணற்றடிக்குப் போக முடியாத பயம் இல்லை. யாரென்று தெரியாத ஒருவர் எனக்கு முன்னால் நடந்துபோய், இந்த வழியால் வா என்று சொல்வதுபோல இருந்தது.

யார் அவர்? துப்பறிய வேண்டியது என் கடமை. ஒரு கொப்பியில் தடயங்களைக் குறித்துக்கொண்டேன். புள்ளி போட்ட புத்தகங்களில் மட்டும் இடையிடையே வெங்காயச் சருகு அகப்பட்டது. ஆகவே அவர் குசினியில் வெங்காயம் உரித்தபடி வாசிக்கிறவர். ஆகவே பெண். நூலகத்துக்குத் தினமும் வருகிற பெண் ஒருத்திதான். வழக்கு முடிந்தது.

அம்மாவை நச்சரித்துப் பனங்காய்ப் பணியாரம் சுடுவித்து எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மேசையில் வைத்தேன். "புள்ளி போடுறது நீங்கள்தான். மறைக்க ஏலாது" என்று கொப்பியைத் திறந்து வாசித்தேன். அக்கா வாயைத் திறந்தார், பிறகு என் தலைக்கு மேலால் வாசலைப் பார்த்தார்.

"ஓம், நான்தான்" என்றார். "கெட்டிக்காரி."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் நின்றார், தோட்டத்துப் பையோடு. என்னைக் கூட்டிப்போக வந்தவர் என்று நினைத்தேன்.

சைக்கிளில் வரும்போது வெற்றிக் களிப்பில் எனக்கு வாய் நிற்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவரிடமே அளந்தேன். "அந்தக் கதையள் என்ன மாதிரி, பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாவலையும் அவருக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. முடிவுக்குக் கிட்ட நிறுத்தி, "ஆர் செய்தது, சொல்லுங்கோ பாப்பம்" என்பேன். நெற்றியைச் சொறிவார். "உந்த டொக்டர்தான்." பிழை. "அப்ப சமையல்காரன்." அதுவும் பிழை. ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படங்களின் டிவிடித் தட்டுகள் கொண்டுவந்து போடுவார். சேர்ந்து பார்ப்போம். அதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. கதவு மெல்லத் திறக்கிற நேரமாகப் பார்த்து, "பிள்ளை, ஒரு செம்பு தண்ணி கொண்டுவாரும்" என்பார். நான் ஓடி வருவதற்குள் பிணத்தை மூடியிருப்பார்கள்.

போன வருடம் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தத் தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் கடுதாசி உறைக்குள் இருந்தது. உறையின் மூலையில் பென்சில் புள்ளி. கீழே, பழைய பதுளைக் கடைக்காரரின் குண்டு குண்டான எழுத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு நேரம். முதல் உறையில், "41 நிமிடம் - தண்ணி."

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உனக்கு இப்பதான் தெரியுமே?" என்றார். "எல்லாத்தையும் தான் முதல்ல பாத்திட்டுத்தான் உனக்கு விடுவார். தோட்டத்தில இருந்து புத்தகம் வாசிப்பார். 'நான் தந்ததெண்டால் தொடமாட்டாள், சொல்லிப்போடாதையும்' எண்டவர். அந்தாளுக்கு உந்தக் கொலைக்கதையள் பிடிக்கவே பிடிக்காது. வாசிச்சால் தலையிடி வரும்."

முற்றத்தில் கதிரையில் இருந்து தொலைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டே எத்தனை டொக்டர்மாரையும் சமையல்காரரையும் எனக்காகக் குற்றவாளியாக்கியிருக்கிறார்! எனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்காமல் ஏன் வந்தது என்று பார்த்தார், வாங்கிக் குடித்தார்.

ஒரு நாள் பின்னேரம் ஞாபகம் வருகிறது. ஐந்தாவதோ ஆறாவதோ கதையில் அவர் மறுபடியும் பிழையாகச் சொல்லிவிட, எனக்குப் பொறுமை போய்விட்டது. குசினிக்குள் ஓடி, "அம்மா, இந்த அப்பாவுக்கு மூளையே இல்லை!" என்று கத்தினேன்.

அந்த வீட்டில் நான் 'அப்பா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது தெரியாது. வெளியே அவருடைய சத்தம் நின்றுபோனதையும், அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததையும் மட்டும் கவனித்தேன். கொப்பியில் எழுதவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அம்மாவின் மடியில் வெங்காயம் இருந்தது, ஆகவே காரணம் வெங்காயம்.